கடைசிப் பெட்டிக் கலைஞன்

அசையும் பொருள்களில் படம் பிடிப்பதற்கு மிகவும் ஒத்துழைக்கக்கூடியது ரயில்தான் என்று நான் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். நம்பிக்கைக்குக் காரணங்கள் இருந்தன. மைனா எந்தக் கிளையில் உட்காரும் என்று மைனாவுக்கே தெரியாது. ரயில் எந்த வழியாக வரும் என்பதை வெள்ளைக்காரன் காலத்திலேயே இரும்பில் போட்டு முடுக்கிவிட்டார்கள். குழந்தை எப்போது சிரிக்கும் என்று எழுதிவைத்த புத்தகம் கிடையாது. ரயில் எப்போது வரும் என்பதற்குக் கால அட்டவணையே அச்சடித்து விற்றார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் படமெடுக்கப் போனால் ஒரு தாய்மாமன் குறுக்கே வந்து நிற்பார். ரயிலுக்குக் குறுக்கே யாரும் நிற்பதில்லை, நின்றாலும் அதிக நேரம் நிற்பதில்லை. போதாததற்கு, வருகிறேன் வருகிறேன் என்று தூரத்திலிருந்தே ஹாரன் வேறு. இவ்வளவு பெரிய, இவ்வளவு சத்தமான, இவ்வளவு ஒழுங்கான ஒன்றைப் படத்துக்குள் கொண்டுவர முடியாத மனிதன் ஒருவன் இருப்பானா?

இருந்தான். குரோம்பேட்டையில், மாத வாடகைக்கு.

2004-ஆம் ஆண்டு அது. என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தான். 3.2 மெகாபிக்சல். அன்றைக்கு அந்த எண்ணைச் சொன்னால் தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதை அவன் தன் அக்காவிடம் கொடுக்க, அக்கா அலமாரியில் வைத்துப் பூட்ட, சாவி வழக்கமாகத் தொங்கும் ஆணியிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். சொத்து இப்படித்தான் கைமாறியது.

அதற்கு முன்னால் வீட்டில் இருந்தது ஃபிலிம் கேமரா. 36 படம் கொண்ட ஒரு சுருள் பொங்கலுக்குத் தொடங்கினால் தீபாவளிக்குத்தான் முடியும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு என்பதால் ஒரு படத்துக்குக் குடும்பமே மூச்சை நிறுத்தி நிற்கும். டிஜிட்டலில் அந்தக் கவலை இல்லை, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம் என்று மச்சினன் சொன்னான். செலவில்லாமல் தவறு செய்யலாம் என்று குடும்பஸ்தன் ஒருவனிடம் சொல்வது எவ்வளவு அபாயமானது என்று சிங்கப்பூரில் யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ரயில் பக்கம் நான் திரும்பியதற்கும் உயர்ந்த நோக்கம் ஒன்று இருந்தது. கடற்கரை-தாம்பரம் பாதையில் 1931 முதல் ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் அந்த ஆண்டு நடுவோடு ஓய்வுபெறப் போகின்றன, இனி எல்லாம் அகலப் பாதைதான் என்று பேச்சு. நான் பள்ளிக்கூடம் போனதும், வேலைக்குப் போனதும், பெண் பார்க்கப் போனதும் அதில்தான். இந்த வரலாற்றைப் பின்வரும் தலைமுறைகளுக்காகப் பதிவுசெய்யும் பொறுப்பு என் தோளில் விழுந்திருப்பதாகச் சாப்பிடும்போது வீட்டில் அறிவித்தேன்.

“தோள்ல விழுந்தது இருக்கட்டும், சட்டையில ரசம் விழுது பாருங்க” என்றாள் மனைவி.

பதிவு செய்பவனுக்கு முதலில் பொருளறிவு வேண்டும். ஆகவே எஞ்சின் வகைகளைப் படித்தேன். நம் நாட்டு எஞ்சினின் நெற்றியில் இருக்கும் எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டு. டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ், அடுத்து வரும் டி டீசல், ஏ என்றால் மேலே கம்பியில் ஓடும் மாறுதிசை மின்சாரம், எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும். மதுரை வைகை எக்ஸ்பிரஸை அப்போது இழுத்துவந்தது டபிள்யூடிஎம்-2 வகை டீசல், அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்து, 1960-களில் இருந்து வாரணாசியில் நாமே கட்டியது, 2600 குதிரைத்திறன், கிளம்பும்போது கக்கும் கரும்புகைக்குப் பேர்போனது. இவ்வளவையும் ஒரே மூச்சில் மனைவியிடம் ஒப்பித்தேன்.

“இத்தனை ஞாபகம் இருக்கே, பால் கார்டை எங்க வெச்சீங்க?” என்றாள்.

முதல் வேட்டைக்கு வைகையையே தேர்ந்தெடுத்தேன். பிளாட்பாரத்தின் கோடியில், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றேன். தண்டவாளத்தில் இறங்கி நின்றால் கோணம் நன்றாக இருக்கும். ஆனால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ கொடுக்கிறது. சிறை பரவாயில்லை, ஆயிரம் ரூபாய்க்கு வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டும்.

வைகை வந்தது. திரையில் எஞ்சின் கம்பீரமாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினேன். கேமரா எடுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்” என்று எழுந்துகொள்வது போல, அதுவும் நான் சொன்னதைக் கேட்டுவைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கியது. லென்ஸை முன்னால் தள்ளிப் பார்த்தது, பின்னால் இழுத்துப் பார்த்தது, வெளிச்சத்தை அளந்தது, இது வெயிலா டியூப்லைட்டா என்று தனக்குள் விவாதித்தது. எல்லாம் முடிந்து ஒருவழியாக ‘க்ளிக்’ என்றபோது திரையில் இருந்தது ஒரு ஜன்னலும், அதில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரின் முழங்கையும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வண்டி மணிக்கு 72 கிலோமீட்டரில் வந்தது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 20 மீட்டர். டபிள்யூடிஎம்-2 எஞ்சினின் நீளம் சுமார் 17 மீட்டர். கேமரா யோசிப்பதற்கு ஒரு நொடி. அதாவது நான் அழுத்துவதற்கும் அது எடுப்பதற்கும் நடுவில் ஒரு முழு எஞ்சின், 2600 குதிரைகளோடு, என் மூக்குக்கு முன்னால் கடந்துபோய்விடுகிறது. இதோடு முடியவில்லை. எடுக்கும்போதும் ஷட்டர் கதவை 60-ல் ஒரு பங்கு நொடி திறந்து வைத்தால், அதற்குள் ரயில் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் ஜன்னல் கம்பிகள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, பெட்டிக்குச் சாயம் போன ஓவியம் கிடைக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி என்றால் நகர்வது 2 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை என் கேமரா என்னிடம் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் எந்த முடிவு என்னிடம் விடப்பட்டிருந்தது, இது விடப்படுவதற்கு?

முதல் படம் எடுத்ததும் கேமரா அதை அட்டையில் எழுதப் போய்விடும். அந்நேரம் திரை இருட்டு. நான் கைக்குள் அதைக் குலுக்குவேன், திட்டுவேன், கும்பிடுவேன். அது எழுதி முடித்துக் கண்ணைத் திறக்கும்போது வண்டியின் கடைசிப் பெட்டி என்னைக் கடந்து போய்க்கொண்டிருக்கும். பதறி அழுத்துவேன். அந்தப் படம் மட்டும் அருமையாக வரும். இதற்கும் கணக்கு இருக்கிறது. வருகிற ரயில் ஒரு நொடியில் படத்தை விட்டு வெளியே போய்விடும். போகிற ரயில் எங்கே போய்விடும்? ஒரு நொடி கழித்துப் பார்த்தாலும் அங்கேதான் இருக்கும், கொஞ்சம் சின்னதாக. நேராக விலகிப் போவதால் கலங்கலும் இல்லை.

இப்படியாக வைகையின் பின்புறம், பல்லவனின் பின்புறம், பாண்டியனின் பின்புறம், பெயர் தெரியாத சரக்கு வண்டிகளின் பின்புறம் என்று என் சேகரிப்பு வளர்ந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெரிய எக்ஸ் குறி. பரீட்சைத் தாளில் பார்த்துப் பழகிய குறிதான் என்பதால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

அடுத்த சங்கடம் பேட்டரி. கேமராவுக்கு நான்கு பென்சில் செல் வேண்டும். சாதாரண செல் போட்டால் லென்ஸை வெளியே நீட்டும். உள்ளே இழுத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் அப்படியே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்கிற செல் வாங்க அனுமதி கேட்டு வீட்டில் மனுப் போட்டிருந்தேன், பரிசீலனையில் இருந்தது. நடுவில் ஒரு நாள் அவசரத்துக்கு ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரத்தின் செல்லைக் கழற்றிப் போட்டுக்கொண்டேன். கடிகாரத்தை வருஷக்கணக்கில் ஓட்டிய செல் கேமராவுக்குள் போனதும் ஒரு படத்தோடு மூச்சை விட்டது. மறுநாள் வைகைக்குப் புறப்படக் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது. காபி குடித்தேன். மறுபடி பார்த்தேன். இன்னும் அதே நேரம் இருந்தது. பேப்பர் படித்தேன். வைகை ஹாரன் அடித்துக்கொண்டு எழும்பூருக்குப் போன சத்தம் கேட்டபோது, வண்டி இன்றைக்கு ரொம்ப முன்னதாக வந்துவிட்டதே என்று ரயில்வேயை மனதுக்குள் பாராட்டினேன். மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனதற்கும் எனக்கும் தொடர்பு உண்டு என்று வீட்டில் சாயங்காலம்தான் நிரூபித்தார்கள்.

பிளாட்பாரத்தில் அடிக்கடி தென்படுகிறவனை யாராவது கவனிக்கத்தானே செய்வார்கள்? காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஒரு நாள் பக்கத்தில் வந்தார்.

“யாரையாவது ஏத்திவிட வந்தீங்களா சார்?”

“இல்லைங்க.”

“யாராவது வர்றாங்களா?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்ன படம்?”

“ரயிலுங்க.”

“ரயில்ல யாரு?”

“யாருமில்லைங்க. ரயிலையே எடுக்கறேன்.”

அவர் முகம் மாறியது. நியாயம்தான். வேலைவெட்டி உள்ள ஒருவன், மீசை நரைத்தவன், கையில் காய்கறிப் பையோடு வந்து ஆளில்லாத ரயிலை ஏன் படமெடுக்க வேண்டும்? மீட்டர் கேஜ், வரலாறு, பின்வரும் தலைமுறை என்று தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் சந்தேகம் வலுத்தது. கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். முழங்கை. கரைந்த பெட்டி. எக்ஸ். வெறும் தண்டவாளம். எக்ஸ். என் கட்டைவிரல். எக்ஸ். கடைசிவரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதால நாட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. போயிட்டு வாங்க” என்றார்.

நாட்டுக்கு இல்லையே தவிர வீட்டுக்கு இருந்தது. கேமராவோடு கொடுத்த அட்டை 16 மெகாபைட். நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு டஜன் படத்தோடு நிறைந்துவிடும். புதிய படம் வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும். ஒரு மதியம் வைகை தூரத்தில் ஹாரன் அடிக்கிறது. அட்டை நிறைந்துவிட்டது என்று கேமரா சொல்கிறது. திரையில் இருப்பது ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரின் படம். கலைஞனுக்கு வாழ்க்கையில் சில கணங்களில் முடிவெடுத்தே ஆகவேண்டியிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி மனைவி கேமராவை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “அம்மா எங்கங்க?” என்றாள்.

“அழிச்சிட்டேன்.”

இதைச் சொல்லிமுடித்த பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு வேறு அர்த்தமும் இருப்பது புரிந்தது. அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் நிலவிய அமைதியை வரலாற்றாசிரியர்கள் யாரும் பதிவுசெய்யவில்லை.

உறவு சீரடைந்தது மனைவியின் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தின்போது. என்னைப் படமெடுக்கச் சொல்லும் அளவுக்கு மன்னிப்பு வந்திருந்தது. பால் பொங்கியதை, ஹோமத்தை, பசுவும் கன்றும் படியேற மறுத்ததை எல்லாம் எடுத்தேன். பசு ரயிலைவிட மெதுவாக நகர்வதால் நன்றாகவே வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தி வீட்டார் உட்பட எல்லாரும் ஹாலில் உட்கார, கேமராவை டிவியில் இணைத்து ஓட்டினேன். பால் பொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த படம், 21 அங்குலத் திரை முழுக்க ஒரு எக்ஸ். புது வீட்டுப் பால் பொங்கியதும் எக்ஸ் வந்தது அபசகுனமா என்று ஒரு பாட்டி பக்கத்துப் பாட்டியைக் கேட்டார். அடுத்து ஹோமம். அடுத்து ஒரு எக்ஸ். ரயில் என்று நான் விளக்கினேன். “ரயில்ல யாரு?” என்று ஹாலே கேட்டது. காக்கிச் சட்டை போட்டவர்களுக்கு மட்டும் தோன்றும் கேள்வி அல்ல அது என்று அன்று தெரிந்தது.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு படம் என் மானத்தைக் காப்பாற்றியது. போகப்போகிற அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில். நடுவில் கண்ணாடி, பக்கத்தில் ஒரு ஆள், முழு முகமும் தெளிவாக வந்திருந்தது. இதைப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினேன். முகத்தை எடுத்தேவிட்டேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

மாடி போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் ஒன்று இருந்தாலும் தெருவுக்கு அவர் கார்டு சார். எங்கள் வீட்டுக்கு வந்தவர், சுவரில் இருந்த படத்துக்கு அருகில் போய்க் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு சார். பின்பக்கத்தை யாரும் இவ்வளவு அக்கறையா எடுக்க மாட்டாங்க.”

“இது முன்பக்கம் சார்.”

“மின்சார வண்டிக்கு ரெண்டு பக்கமும் முகம்தானே! கடைசியில போய்த் திருப்பாம, டிரைவர் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்துடுவார். இங்க பாருங்க, சிவப்பு விளக்கு எரியுது. உள்ள உட்கார்ந்திருக்கறது டிரைவர் இல்லை, கார்டு” என்றவர், குரல் தழுதழுக்க, “இவன் என்கூட டிரெயினிங்ல இருந்தவன் சாயல்ல இருக்கான்” என்றார்.

கேமராவில் இருந்த மற்றவற்றையும் காட்டினேன். காக்கிச் சட்டை வெறுத்த, சம்பந்தி வீட்டார் பயந்த அந்த எக்ஸ் வரிசையை அவர் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அந்தக் குறி சும்மா அழகுக்கு இல்லை என்றார். வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது கடைசிப் பெட்டியில் அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் நடுவில் எங்கோ இணைப்பு விட்டு, பாதி வண்டி பின்னாலேயே நின்றிருக்கலாம். அது உறுதியாகாமல் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கிடையாது. கூடவே எல்வி என்று ஒரு சின்னப் பலகை தொங்கும். கடைசிப் பெட்டி என்பதற்கு அடையாளம். ராத்திரியில் சிவப்பு விளக்கு. “எஞ்சின் இல்லேன்னா வண்டி கிளம்பாது. அவ்வளவுதான். இது இல்லேன்னா மொத்த லைனும் நின்னுடும்” என்றார். பச்சைக்கொடி, கைவிளக்கு, பட்டாசு மாதிரி வெடிக்கிற டெட்டனேட்டர் எல்லாம் அடங்கிய இரும்புப் பெட்டியோடு வாழ்நாள் முழுக்கப் பின்னோக்கியே ஊர்களைப் பார்த்தவர் அவர். “கல்யாணப் பத்திரிகையில மாமனார் பேரு கூட முன்னால வரும் சார். கார்டு பேரு எங்கேயும் வராது.”

அன்று முதல் எனக்கு ஒரு ரசிகர். சாயங்காலமானால் காபி டம்ளரோடு மாடியிலிருந்து இறங்கி வருவார். “இன்னிக்கு என்ன எடுத்தீங்க? பல்லவனா? காட்டுங்க. எல்வி போர்டு கோணலா மாட்டியிருக்கான் பாருங்க, என் காலத்துல இப்படி விட்டா சார்ஜ்ஷீட்” என்பார். என் மனைவி சமையலறையிலிருந்து இருவரையும் பார்த்துவிட்டு, ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் போதும் என்று முணுமுணுப்பாள்.

இதற்கிடையில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் கேமரா கையேட்டைப் படித்துவிட்டாள். வீட்டில் அதுவரை யாருக்கும் தோன்றாத காரியம். “அப்பா, பொத்தானை மொதல்ல பாதி அழுத்தணும். அப்பவே ஃபோகஸ் பண்ணி வெச்சுக்கும். ரயில் வந்ததும் மீதியை அழுத்தணும்” என்றாள். ரயில் எந்த இடத்தில் வரும் என்பது தெரியும். அந்த இடத்துத் தண்டவாளத்தைப் பார்த்துப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நேர்ப் பக்கவாட்டில் நிற்காமல், வண்டி வளைந்து வருகிற பக்கம் சாய்வாக நிற்க வேண்டும்; அப்போது படத்துக்குள் அது நகர்வது குறைவு, கலங்கல் குறையும். எல்லாம் அச்சில் இருந்தது. விரல் மரத்துப்போகும் வரை பாதி அழுத்தி நின்றேன். வைகை வந்தது. மீதியை அழுத்தினேன். யோசிக்காமல் எடுத்தது. எஞ்சின், நெற்றி எண், கண்ணாடிக்குள் டிரைவர், மேலே புகை. ஒரு குறையும் சொல்ல முடியாத படம்.

படி ஏறி ஓடி கார்டு சாரிடம் நீட்டினேன். ஒரு பார்வை பார்த்தார்.

“எஞ்சின். ம். எல்லாரும் எடுக்கறதுதான்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். “பின்னாடி எடுக்கலையா?”

எடுக்கவில்லை. எஞ்சின் கிடைத்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். என் கலை வாழ்க்கையில், பிளாட்பாரத்தில் நின்றும் வைகையின் பின்புறம் தவறிய ஒரே நாள் அதுதான்.

பழைய படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, தனது பணி ஓய்வு விழா மாலைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார் கார்டு சார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், இவ்வளவு தெளிவாக எக்ஸும் எல்வி பலகையும் விழும்படி எடுத்தது யார் என்று வியக்கிறார்கள். ரயில்வே ஆளா என்று கேட்கிறார்கள். ஒரு நாள் அப்படிக் கேட்ட ஒரு பெரியவருக்கு, மாடியில் அப்பளம் காயப்போட வந்த என் மனைவிதான் பதில் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரர்தாங்க. அவர் எஞ்சினைத்தான் எடுத்தார். இதுதான் வந்துச்சு.”